அடிப்பூச்சு

மெழுகு ஓவியம் கற்றுக்கொள்ள முதலில் வேண்டியது நல்ல ஜன்னல். தூரிகை, பலகை எல்லாம் அப்புறம். தேன்மெழுகை உருக்கும்போது எழும் ஆவி அறைக்குள்ளேயே தங்கிவிட்டால் தலை கனக்கும், கண் எரியும், பிறகு நாம் வரைந்தது நன்றாக இருப்பதாக ஒரு எண்ணம் வரும். எங்கள் வகுப்பில் ஜன்னல்கள் எப்போதும் திறந்துதான் இருந்தன. ஆனாலும் எல்லோருக்கும் அந்த எண்ணம் வந்தது.

உட்காருங்கள். முதியோர் நல அலுவலகம் என்று அட்டையைக் காட்டினீர்கள், பார்த்தேன். படத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள், நேரில் அப்படி இல்லை. என் தங்கையின் பலகைகளில் அந்த வெள்ளைப் பெயின்டை அடித்தது யார் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் வரிசையாகச் சொல்வேன். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வண்டி தாமதம் என்பதைக்கூட மரியாதையான குரலில்தான் சொல்லிப் பழக்கம். என் குரலைக் கேட்பதற்காகவே வண்டியைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஒரு இன்ஜின் டிரைவர் பச்சை விளக்கு விழுந்தும் கிளம்பாமல் நின்றார், நான் வாக்கியத்தை முடிக்கட்டும் என்று. நம்பாவிட்டால் போகிறது.

ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. எந்த நடைமேடை, எத்தனை மணி, ஒன்றுமில்லை. வீட்டில் தங்கை ஒருத்திதான். கணவர் காலமான பிறகு என்னிடமே வந்துவிட்டாள். அவள் பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வரவேண்டிய வண்டி தாமதம் என்று நானே அறிவித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லிச் சிரிப்பேன். தங்கையும் சிரிப்பாள். அவள் நன்றாகக் காது கொடுப்பவள். ஆயுள் முழுக்கத் தையல்கடையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுத்தவள் வேறு எப்படி இருப்பாள்? குனிந்த தலை, வாயில் நூல். அக்கா சொன்னால் சரி.

மெழுகு வகுப்பில் சேர்ந்தது நான்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளைத் துணைக்குத்தான் கூட்டிப்போனேன். பையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே.

வகுப்பு ஒரு பழைய அச்சகத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. வாத்தியார் பின்னால் சின்னக் குடுமி போட்டிருந்தார். முன்னால் முடி இல்லாதவர்கள் பின்னால் அப்படி ஏதாவது செய்து ஈடுகட்டிக்கொள்வார்கள். தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்து உருக்க வேண்டும், அப்போதுதான் மெழுகு இறுகும். அதில் வண்ணப்பொடி. சூடான தட்டின்மேல் தகரக் கிண்ணங்கள். தூரிகையில் தொட்டுப் பலகையில் வைப்பதற்குள் மெழுகு உறைந்துவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் மேலே சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டி, கீழே இருக்கும் பூச்சோடு உருக்கிச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று சும்மா படுத்திருக்கும், ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள் மாதிரி. இதில் துணி, நூல், பழைய காகிதம், சாவி, எதை வேண்டுமானாலும் புதைக்கலாம். புதைத்ததும் அது கலை ஆகிவிடும். எங்களோடு படித்த ஒரு பல் டாக்டர் தன் நோயாளிகளின் கடைவாய்ப் பற்களைப் புதைத்தார். அதைப் பார்த்து ஒரு அம்மாள் 'என்ன ஒரு வலி' என்றாள். வலி இருந்திருக்கும்தான்.

இப்போது அடிப்பூச்சு. உங்கள் கேள்வி அதைப் பற்றித்தான் என்பதால் கவனியுங்கள். வெறும் பலகையில் நேராக மெழுகு வைத்தால் நிறம் மங்கும். அதனால் முதலில் வெள்ளை அடிக்க வேண்டும். அந்த வெள்ளை, சாக்பீஸ் பொடியைத் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரப் பசையில் குழைத்தது. மெழுகை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சுவருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பெயின்டும் வெள்ளைதான், ஆனால் அது உறிஞ்சாது. மெழுகு அதன்மேல் ஒட்டினமாதிரி நடிக்கும், அவ்வளவுதான்.

வஜ்ஜிரம் காய்ச்சினால் வரும் நாற்றம் உங்களுக்குத் தெரியாது. ஒரு மாட்டையே வேகவைப்பதுபோல் இருக்கும். நான் அந்த வேலைக்குப் பிறந்தவள் இல்லை. பின்கட்டில் சுவருக்கு அடித்து மிச்சமிருந்த பெயின்ட் டின் கிடந்தது. அதையே பலகையில் அடித்து எடுத்துப் போனேன். அதன்மேல் நான் செய்த ஓவியத்தைப் பற்றி நானே பேசுவது அழகில்லை. பழைய ரயில் டிக்கெட்டுகளைப் புதைத்து, சாம்பல் நிறத்தில், ஒரு நிலையமே மூச்சு விடுவதுபோல. அவ்வளவு பெரிய காரியத்தை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்திருக்காது.

வாத்தியார் அதைக் கையில் வாங்கினார். விரலால் தட்டினார். பிறகு பலகையைச் செங்குத்தாக நிறுத்தி மேசையில் லேசாக ஒரு இடி.

மெழுகு முழுசாக, டிக்கெட்டுகளோடு, ஒரே தகடாக நழுவி மேசையில் விழுந்தது. பலகை பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

"எதை அடிச்சீங்க, சுவர் பெயின்டா?" என்றார்.

"வெள்ளைதானே சார் கேட்டீங்க."

"அம்மா, உங்க வண்டி தடம் புரண்டுடுச்சு."

வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும், எனக்கென்ன. பல் டாக்டர் சிரித்தார், அவருக்கு வாயைத் திறந்து பழக்கம். ஆனால் பக்கத்தில் என் தங்கை, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. என் ஜோக்குக்குச் சிரிப்பது வேறு. அது வேறு சிரிப்பு. அதை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

இதனால்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்ன மனுஷி இல்லை.

அன்று வாத்தியார் ஒரு மிச்சப் பலகையை அவளிடம் கொடுத்து, "நீங்களும் சும்மா உட்காராதீங்க, எதையாவது பண்ணுங்க" என்றார். அவள் தையல்கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பழுப்புக் காகிதங்களை எடுத்தாள். சட்டைக்கு அளவு வெட்டும் காகிதங்கள். ஒரு கைப்பகுதி, ஒரு காலர். அவற்றை மெழுகுக்குள் வைத்து, மேலே மெழுகு, சூடு, மறுபடி மெழுகு. காஜா எடுத்த கை அல்லவா, அவசரமே இல்லை. காகிதம் மெழுகில் நனைந்து கண்ணாடிபோல் ஆனது. உள்ளே பென்சில் கோடு தெரிந்தது. யாரோ ஒருவருடைய தோள் அளவு. ஆள் இல்லை, அளவு மட்டும்.

வாத்தியார் பலகையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னுடையதை மேசையில் இடித்தவர், இதை விரலால் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. பற்களைப் பார்த்து வலி என்றாளே, அந்தப் பல் அம்மாள் அழுதாள். ஆளில்லாத சட்டைக்கு அழுகிறார்கள். கொடியில் காய்கிற சட்டையைக் கண்டால் கதறுவார்களோ என்னவோ.

அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை. எனக்கு வேலை இருந்தது. அவள் போனாள். பின்கட்டு முழுக்கப் பலகை, மேசையில் சூட்டுத்தட்டு, எங்கு பார்த்தாலும் வஜ்ஜிர நாற்றம். சாயங்காலம் நான் எதையாவது சொல்லத் தொடங்கினால் 'ம், ம்' என்பாள். கண் மட்டும் பலகையில் இருக்கும். கேட்பதுபோல் காட்டுவதற்கும் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம், ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா?

பிறகு ஒருநாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். கை முழுக்க மெழுகுத் துணுக்கு.

"அக்கா, கோவிச்சுக்கமாட்டியே?"

"சொல்லு."

"வாத்தியார் மகன்கிட்டப் போறாராம். புதுசா வர்றவங்களுக்கு நீங்களே சொல்லிக்குடுங்கன்னு என்கிட்டச் சொல்றாரு. அச்சகத்துக்காரங்க எப்படியும் ஒரு கண்காட்சி வைக்கிறாங்களே, அதுல என் பலகையைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்னிருக்காங்க."

"நீயா? நீ நாலு பேர் முன்னாடி வாய் திறப்பியா?"

"அதான் எனக்கும் சிரிப்பா இருக்கு." சிரிக்கவில்லை அவள். "மேல ஒரு ரூம் இருக்கு. ஜன்னல் பெருசு. அங்கேயே தங்கிக்கலாமாம். ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்க்கா."

"போய்க்கோ. எனக்கென்ன, வீடு நாறாம இருக்கும்."

"நிஜமா சொல்றியா?"

"நான் பொய் சொல்லி நீ பார்த்திருக்கியா?"

எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டாள். மெழுகு ஒட்டிக்கொண்டது. கழுவினாலும் போகவில்லை.

இப்போது நீங்கள் கேட்டது. கண்காட்சிக்கான பலகைகளுக்கு அவள் அடிப்பூச்சு போட்டுப் பின்கட்டில் காய வைத்திருந்தாள். மதியம் அவள் வகுப்புக்குப் போன பிறகு, அதே சுவர் பெயின்டைத் தண்ணீர் விட்டு இளக்கி, ஒவ்வொரு பலகையிலும் மெல்லிசாக ஒரு கை அடித்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டேன், பளபளப்பு தெரியாமல் இருக்க. நல்ல வேலைப்பாடு. நான் எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வேன்.

அவள் அந்தப் பலகைகளில் இரவும் பகலுமாக வேலை செய்தாள். நான் வேளாவேளைக்குக் காபி கொண்டுபோய் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்காட்சி நாளில் கூட்டம் வந்தது. சுவரில் ஆளில்லாத சட்டைகள். ஜனங்கள் கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள். அச்சகத்துக்காரர் மரியாதைக்கு ஏசியைக் கூட்டி வைத்தார். மெழுகு குளிரில் சுருங்கும், பலகை அவ்வளவு சுருங்காது. இரண்டுக்கும் நடுவில் பிடிப்பு இல்லையென்றால் என்ன ஆகும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், குடுமியோடு. முதலில் ஒரு காலர் விழுந்தது. யாரோ குனிந்து எடுக்கப் போனார்கள். எடுப்பதற்குள் பக்கத்துச் சுவரில் ஒரு முழுக்கை. பிறகு மழை பிடித்துக்கொண்டது மாதிரி. உடைந்த சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், கேட்டது. கடைசியில் சுவரில் வரிசையாக வெறும் வெள்ளைப் பலகைகள் தொங்கின. பல் அம்மாள் அதையும் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தாள்.

நான் சிரிக்கவில்லை. வாயைப் பொத்தவுமில்லை. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தோம். நேராகப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே பெயின்ட் டின் மூடி திறந்து கிடந்தது. அதற்குள் அவளுடைய தூரிகை, காம்பில் அவள் சுற்றியிருந்த சிவப்பு நூலோடு, நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, நான் இதுலயா தொட்டேன்?"

"தெரியலையேம்மா. நீ அன்னைக்கு ஏதோ யோசனையாவே இருந்தே."

"நான் வஜ்ஜிரம் காய்ச்சினேன். நாத்தம்கூட ஞாபகம் இருக்கே."

"அது முந்தின தடவை."

டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு வழி இருந்தது. அக்கா செய்தாள் என்று நினைக்கலாம், அல்லது தனக்கு மறதி வந்துவிட்டது என்று நினைக்கலாம். யோசிக்கவேயில்லை, இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். ஒருத்தரை இப்படி நம்பினால் அது யார் தப்பு? நான் அவளிடம் மறதி என்ற வார்த்தையை ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அவளாகவே சொன்னாள்.

அச்சகத்துக்காரர்கள் தங்கமானவர்கள். கை தவறுவது யாருக்கும் நேரும், மறுபடி செய்து கொடுங்கள், காத்திருக்கிறோம் என்றார்கள். இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் எனக்கு வேலை கூடியது.

மறுபடி உட்கார்ந்தாள். அவள் பெண் போன் செய்தாள், வாசல் பக்கம் போய்ப் பேசினாள். நான் சூட்டுத்தட்டின் திருகை முழுக்கத் திருப்பி வைத்தேன். ஜன்னலையும் சாத்தினேன். மெழுகு ஓர் அளவுக்கு மேல் சூடானால் புகைய ஆரம்பிக்கும். கண் திறக்க முடியாத புகை. அவள் ஓடி வந்து, இருமிக்கொண்டே தட்டை அணைத்து, திருகைப் பார்த்தாள்.

"வீட்டைக் கொளுத்தியிருப்பேனேக்கா. உன்னையும் சேர்த்து."

"விடு. நான்தான் இருக்கேனே."

தட்டைத் தானே சுவர் பிளக்கிலிருந்து பிடுங்கி, துணியில் சுற்றி, என்னிடம் கொடுத்தாள். ஒளித்து வை, நான் கேட்டாலும் கொடுக்காதே என்றாள். கேட்டபடி செய்தேன். இதில் பலவந்தம் எங்கே இருக்கிறது?

டாக்டரிடம் போகலாம் என்றதும் அவள்தான். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு. இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடிகாரம் வரையுங்கள் என்றெல்லாம் கேட்டார். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை வாயில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் டாக்டர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வருத்தமாக, மிக லேசாகத் தலையை ஆட்டினேன், இல்லை என்பதுபோல. சரியான பதிலுக்கும் ஆட்டினேன். அவள் உடனே மாற்றிச் சொன்னாள். கடிகாரத்தில் முள்ளை வரைந்துவிட்டு அழித்தாள். ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் எனக்கே வராது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

ராத்திரி தூங்க அரை மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். அரை மாத்திரை அவளுக்குப் போதவில்லை. மதியம் எழுந்து பின்கட்டில் போய் நின்றுகொள்வாள், வெறும் கையைக் காற்றில் தூரிகைபோல் அசைத்துக்கொண்டு. பார்க்கக் கஷ்டமாக இருக்கும். அதனால் முழுசாகக் கொடுத்தேன். மதியத்துக்கும் ஒன்று. எங்காவது போய்விடக் கூடாதென்று அவள் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடச் சொன்னேன். தச்சர் ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்.

இப்போதெல்லாம் எவ்வளவு நன்றாகக் கேட்கிறாள் தெரியுமா? சாயங்காலம் எதிரே உட்கார வைத்துப் பேசுவேன். ஒரே கதையை மறுநாளும் சொல்லலாம். இன்ஜின் டிரைவர் கதைக்கு ஒவ்வொரு தடவையும் புதுசாக வாயைப் பிளப்பாள். நடுவில் மட்டும் ஒன்று கேட்பாள். "அக்கா, இன்னைக்கு நான் எதையாவது கெடுத்துட்டேனா?" இல்லை என்பேன். அவள் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. அவளுக்கு அதை வேறு யாரால் கொடுக்க முடியும்?

அவள் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் போனில் மட்டும் அன்பாக இருந்தவள், திடீரென்று வந்து இறங்கினாள். பின்கட்டில் கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த அம்மாவின் பலகை ஒன்றைப் பார்த்து, அம்மா எங்கே தவறினாள் என்று கேட்க அதை எடுத்துக்கொண்டு, மாற்று ஆள் கிடைக்காமல் இன்னும் ஊரிலேயே இருந்த வாத்தியாரிடம் போயிருக்கிறாள். குடுமி அதைக் கத்தியால் சுரண்டியிருக்கிறார். மேலே சுவர் பெயின்ட். அதற்குக் கீழே சாக்பீஸ் பொடியும் வஜ்ஜிரமும், ஒழுங்காக, அவள் கை. மறந்துபோய்த் தப்பான பெயின்டை எடுத்தவள் அதற்குமுன் சரியானதையும் ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்டாராம். என்னைத் தடம் புரண்டதாகச் சொன்ன மனிதருக்கு இதையாவது கண்டுபிடிக்க வேண்டாமா? அவளுடைய பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு அடித்திருந்தால் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டீர்கள். சோம்பல்தான். வயசாகிறது எனக்கும்.

ஆக, அடித்தது நான். டின்னில் தூரிகையை வைத்தது நான், திருகைத் திருப்பியது நான், மாத்திரையும் நான். அவளுக்கு ஒரு மறதியும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. போதுமா? கையெழுத்து எங்கே வேண்டுமோ காட்டுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், சொல்லிவிட்டேனே. அந்த மேல்மாடி ரூமில் அவள் தனியாக எப்படி இருப்பாள்? தனியாக இருந்து பழக்கமில்லாதவள். ராத்திரி பேச்சுக்குரல் இல்லாத வீட்டில் எப்படித் தூக்கம் வரும் அவளுக்கு? நான் அவளுக்காகப் பயந்தேன்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. அவள் பெண் கூட்டிப்போகிறாள்போல. போகட்டும். மாத்திரை தெளிந்தால் இரண்டு நாளில் என்னைத் தேடுவாள். தேடாவிட்டாலும் சரி, எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு சுத்தமாக இருக்கும். நான் யாரையும் எதிர்பார்த்து வாழ்ந்தவள் இல்லை.

ஏன் அதற்குள் எழுந்துவிட்டீர்கள்? பையை வையுங்கள். தங்கையின் கணவர் எப்படிப் போனார் என்று நீங்கள் கேட்கவேயில்லையே. மாரடைப்பு என்றுதான் எழுதியிருக்கும், உண்மையும் அதுதான், நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். ஆனால் நீங்கள் உட்கார்ந்தால், அதையும் நானே செய்ததாகச் சொல்கிறேன். விவரமாகச் சொல்ல இருட்டும்வரை ஆகும்.